தழும்போடு எழுந்தவர்

நீ ஏன் இயேசுவை நம்புகிறாய் என்று யாராவது கேட்டால் போதும், எனக்கு உள்ளம் பொங்கிவிடும். பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்து ஆலய மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவன் நான். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன். கிறிஸ்மஸ், அசனம், பெரிய வெள்ளி எல்லாம் வீட்டோடு வந்தவை. ஆனால் வீட்டோடு வந்ததை மட்டும் நம்பிக்கொண்டு ஒரு ஆயுளைக் கடத்த முடியாது. நான் அவரைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் அவருடைய தழும்புகள்.

யோவான் சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் உயிரோடு எழுந்துவிட்டார் என்று மற்ற சீஷர்கள் சொல்கிறார்கள். சீஷர்களில் ஒருவரான தோமா ஏற்க மறுக்கிறார். ஆணி பாய்ந்த இடத்தில் என் விரலை வைத்தால்தான் நம்புவேன் என்று நிற்கிறார். எட்டு நாள் கழித்து, பூட்டிய கதவுக்குள் இயேசு வருகிறார். நேராகத் தோமாவிடம் போய்த் தம் கைகளைக் காட்டுகிறார், விலாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மேலே படிக்க ஓடாது. சாவையே வென்ற உடம்பு அது. அதில் ஆணித் தழும்பு ஏன் இருக்க வேண்டும்? துடைத்துப்போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனாலும் வைத்துக்கொண்டார். மகிமையின் உடம்பில் காயத்துக்கு இடம் கொடுத்த கடவுள்! இப்படி ஒருவரை மனிதக் கற்பனை இட்டுக்கட்டியிருக்கும் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை.

அப்பா புற்றுநோயில் படுத்திருந்த மாதங்களில் இதுதான் என்னைத் தாங்கியது. வலி என்றால் என்னவென்று தெரியாத ஒருவரிடம் அந்த இரவுகளில் நான் எதைப் பேசியிருப்பேன்? அடிபட்டவர், தாகத்தால் நா வறண்டவர், கைவிடப்பட்டதாகக் கதறியவர் என்பதால்தான் அவரிடம் வாய்விட்டு அழ முடிந்தது. அப்பா பிழைக்கவில்லை. ஆனால் கடைசி வாரத்தில் அந்த முகத்தில் இருந்த தெளிவை நான் கண்ணால் பார்த்தேன். திருவிருந்து கொடுக்க வந்த எங்கள் சபை ஐயரின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா சிரித்த சிரிப்பை யார் வாதாடியும் என்னிடமிருந்து எடுத்துவிட முடியாது.

உணர்ச்சியில் மட்டும் நம்புகிறேன் என்று எண்ண வேண்டாம். வெறுங்கல்லறையை முதலில் கண்டவர்கள் யார்? பெண்கள். அந்தக் காலத்து யூத சமுதாயத்தில் பெண்களின் சாட்சிக்கு மதிப்பு குறைவு. கதை கட்டுகிறவன் மகதலேனா மரியாளையா முதல் சாட்சியாக நிறுத்துவான்? சபைக்கே தூணான பேதுரு மூன்று முறை மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கின்றன. பவுல் கொரிந்தியருக்கு முதல் நிருபம் எழுதியது சிலுவைக்குப் பிறகு ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குள். உயிர்த்தெழுந்தவரைக் கண்ட ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். சந்தேகம் இருந்தால் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். அதை எழுதியவரோ முன்பு இதே சபையைத் துன்புறுத்தியவர்! இயேசுவின் சகோதரர் யாக்கோபு முதலில் நம்பவில்லை. பின்பு எருசலேம் சபைக்கே தலைவரானார், கடைசியில் கல்லெறிந்து கொல்லப்பட்டார். இவர்களுக்கு என்னவோ நேர்ந்திருக்கிறது. அவர்களே சொன்ன விளக்கத்தைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை.

இந்த நம்பிக்கை மனிதர்களை என்ன செய்ய வைக்கும் என்று பார்க்க, இனி வேலூர். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு நாள் போதாது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியைக் காப்பாற்றக் கெஞ்சினார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. மருத்துவரான அவருடைய தந்தையை அனுப்பலாம் என்றால், அந்நிய ஆணை உள்ளே விட அவர்களுக்கு வழக்கமில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்காவில் மருத்துவம் படித்து 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார்.

அதே வேலூரில்தான் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை என்று அவர் கண்டார். உணர்ச்சி இல்லாததால் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்துவிடுகிறார்கள், இரவில் எலி கடிப்பதுகூடத் தெரிவதில்லை, விரல் போய்விடுகிறது. வலி கடவுள் தந்த வரம் என்று அவர் வாழ்நாளெல்லாம் சொன்னார். 1954-இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீசை, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்யத் தூண்டியவரும் அவரே. தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை மேரி அப்படி உட்கார்ந்தே நிமிர்த்தினார்! 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையமும் எழும்பியது. தழும்போடு எழுந்த ஆண்டவரைத் தொழுகிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் இருப்பதும் அதே ஊற்றிலிருந்துதான்.

சபைக்குள் சாதி இல்லையா, பதவிச் சண்டை இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது, அது பாவம், சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் பாவம் என்று எனக்குக் காட்டித் தந்தவரும் இயேசுதான். சீஷர்களின் கால்களை மண்டியிட்டுக் கழுவியவர் முன்னால் எந்தப் பெருமையும் நிற்காது.

சென்னைக்குப் போகும்போதெல்லாம் பரங்கிமலை என்னும் புனித தோமையார் மலை ஏறிவிடுவேன். தோமா இங்கே வந்து உயிரைக் கொடுத்தார் என்பது நம் கிறிஸ்தவர்களின் பழம்பாரம்பரியம். சந்தேகப்பட்ட மனிதரின் பெயரை ஒரு மலையே சுமக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்கு மகிழ்ச்சி தாங்காது! கேள்வி கேட்டவரை இயேசு துரத்தவில்லை, தேடி வந்தார்.

உங்களுக்கும் கேள்விகள் இருக்கும். ஒன்றே ஒன்று செய்யுங்கள். மாற்கு சுவிசேஷத்தைக் கையில் எடுங்கள். பதினாறு அதிகாரங்கள்தான், ஒரே மாலையில் முடிந்துவிடும். யாருடைய விளக்கமும் வேண்டாம், என்னுடையதும் வேண்டாம். அவரை நீங்களே பாருங்கள்.