இன்யம்போ: கொம்பின் நீளத்தைத் தாண்டி

ருவாண்டாவின் தெற்கே நியான்சாவில் பழைய அரண்மனை இப்போது அருங்காட்சியகம். பெரிய கூரைவீட்டின் பின்புறம் இன்யம்போ மாடுகள் நிற்கும். ஒரு காலத்தில் மன்னரின் மந்தையாக இருந்த இனம். கொம்பைப் பார்த்ததும் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். நீங்களும் பிளந்துகொள்ளுங்கள், தப்பில்லை. அப்புறம் நீளத்தை விட்டுவிட்டு வளைவைப் பாருங்கள்.

மாட்டுக்கு நேர் எதிரே நில்லுங்கள். கொம்பு இருபுறமும் விரிந்து கிளம்பி, மேலே ஏறி, நுனியில் லேசாக உள்ளே திரும்பும். இரு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறதா என்று பார்ப்பதில்தான் ருசி தொடங்குகிறது. அடிப்பாகம் நல்ல தடிமன். உள்ளே எலும்பும் ரத்த நாளங்களும் ஓடுவதால், வெயில் நேரத்தில் உடம்புச் சூடு கொம்பு வழியாகவும் வெளியேறும்.

அடுத்தது நிறம். நம் கொங்கு நாட்டில் மயிலை, செவலை, காரி என்று பிரிப்பதுபோல அங்கும் நிறத்துக்கு நிறம் பெயர் உண்டு. கருஞ்சிவப்பு ‘பிஹோகோ’. ஒரே நிறத்தில் மந்தை சேர்ப்பதுதான் பழைய அரசர்களின் பெருமை. ஆகவே ஒற்றை மாட்டைப் படம் பிடித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்; மந்தை நடக்கும்போது பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கொம்புகள் ஒன்றையொன்று உரசாமல் விலகி விலகிப் போகும் லாவகம் நின்ற மாட்டில் தெரியாது.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். மேய்ப்பவர்கள் மாட்டிடம் பாடுவார்கள். தலையசைத்துக் கேட்கும் மாடுகளும் உண்டு. மாடுகளைப் புகழும் கவிதைக்கு ‘அமசினா யிங்கா’, அதாவது மாடுகளின் பெயர்கள், என்றே பெயர். பெண்கள் இரு கைகளையும் கொம்பாக உயர்த்தி ஆடும் நடனத்தை மந்தையைப் பார்த்த பிறகு பாருங்கள். மணிக்கட்டின் அந்தச் சின்னத் திருப்பம் எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இதே இனத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ‘அங்கோலே’. அது பக்கத்து உகாண்டாவில் முன்பு இருந்த ‘ன்கோரே’ அரசின் பெயர், ஆங்கிலேயர் வாயில் திரிந்தது. தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசா இந்த மாடுகளில் மயங்கி வளர்க்கத் தொடங்கி, 2017இல் படங்களுடன் ஒரு புத்தகமே போட்டார்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்: ‘எத்தனை லிட்டர் கறக்கும்?’ நம்மவர்களுக்கு அது நாக்கு நுனியில் நிற்கும் கேள்வி. இன்யம்போ கறப்பது கொஞ்சம்தான். பாலுக்கு என்று ருவாண்டா அரசு 2006இல் ‘கிரிங்கா’ திட்டத்தைத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு வேறு மாடுகளைக் கொடுத்துவருகிறது. கேட்டே ஆக வேண்டுமென்றால், நிற்கும் மாட்டின் பெயரைக் கேளுங்கள்.