நெடுநீரும் மரக்கலமும்

செய்ய வேண்டுவதை நாளைக்கு எனத் தள்ளுபவனைச் சோம்பேறி என்று ஒரு சொல்லால் முடித்துவிடுவது நம் வழக்கம். வள்ளுவர் அவ்வாறு முடிக்கவில்லை. ‘மடியின்மை’ அதிகாரத்தின் ஐந்தாம் குறளில் கேட்டுக்குரியவை நான்கினை எண்ணுமிடத்து, காலம் நீட்டிக்கும் இயல்பாகிய நெடுநீரை முதற்கண் நிறுத்தி, மறதியையும் சோம்பலையும் உறக்கத்தையும் அதனின் வேறாகவே வைத்தார். நீட்டிப்பவன் சோம்பியே இருக்க வேண்டுவதில்லை என்பது இதனால் பெறப்படும். அலமாரியைத் துடைத்து, பழைய தாள்களை அடுக்கி, ஓயாது உழைத்தே உரிய வேலையை ஒத்திப்போடுவாரும் உளரன்றோ?

அந்நான்கையும் கெடுவார் விரும்பும் ‘கலன்’ என்கிறது அக்குறள். அச்சொல்லுக்கு அணிகலன் எனப் பொருள் கொண்டாரும் உளர். பரிமேலழகர் மரக்கலம் என்றார். அவர் உரையே சிறந்தது எனலாம். அணி பிறர் காணப் பூணுவது. காலம் தாழ்த்துவோரோ தம் தாழ்வை மறைக்கவே முயல்வர். மரக்கலமோ, கரையில் காத்திருக்கும் இடுக்கணினின்று ஏறினானை அப்போதைக்கு விடுவிக்கிறது. ஏறும்பொழுது இன்பம், துன்பம் நடுக்கடலில்! சிரோய், பிக்கில் என்னும் உளவியலார் இருவர் 2013இல் வெளியிட்ட கட்டுரையும் இக்கருத்திற்கு அரண் செய்கிறது. செய்தற்கரிய வேலை எழுப்பும் அச்சம், சலிப்பு முதலியவற்றினின்று உடனடி ஆறுதல் தேடுவதே ஒத்திப்போடுதலின் உள்ளியல்பு என்பது அவர்தம் முடிபு.

எனின், தாமதம் யாவும் குற்றமோ? அன்று. ‘வினைசெயல்வகை’யில், ஆறப்போட்டுச் செய்யத் தக்கவற்றை ஆறப்போடுமாறே வள்ளுவர் பணிக்கிறார். விதியை ஆராய நிறுத்திய கோப்பு வேறு. விடை எழுத அஞ்சி அடியில் செருகிய கோப்பு வேறு.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் இவ்வேறுபாட்டை நம் இல்லங்களிலும் பொருத்திப் பார்த்தல் தகும். பிள்ளைக்குத் தமிழெழுத்துக் கற்பிப்பதை அடுத்த விடுமுறைக்கு, அதற்கடுத்த விடுமுறைக்கு என ஒத்திவைக்கிறோம். நேரமின்மையைக் காரணமாகச் சொல்கிறோம். பிள்ளை தடுமாறும்போது நம் தமிழும் தடுமாறுமே என்னும் கூச்சமே பல வீடுகளில் உட்காரணம். கூச்சம் நீங்கிய பின் தொடங்குவோம் என்றிருப்பார்க்கு அது நீங்குவதேயில்லை, தொடங்கினார்க்கே நீங்கும். இன்றிரவு உணவுக்குப் பின் ‘அ’ என்னும் ஓரெழுத்தை எழுதிக் காட்டினாலும் போதும், கலத்தினின்று இறங்கியவராவோம். நம் வசதி வாய்க்கும்வரை பிள்ளைகளின் பருவம் காத்து நிற்பதில்லை.