அரசுப் பணியில் ஆண், பெண் ஊதியம்: கரிசல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விமர்சனம்

அரசு வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது தமிழ்நாட்டில் ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகக் கருதப்படுகிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. ஓட்டப்பிடாரம் வட்டாட்சியர் அலுவலகத்தில் பணிபுரியும் இளநிலை உதவியாளர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் ஊதிய அட்டவணையில் ஒரே நிலையில்தான் வைக்கப்படுகிறார். சம வேலைக்குச் சம ஊதியம் என்று அரசியலமைப்பின் 39-ஆம் உறுப்பு கூறுகிறது. 1976-இன் சம ஊதியச் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. அரசு நியமனங்களில் பெண்களுக்கு 1989-இல் 30 விழுக்காடு இடஒதுக்கீடு கொண்டுவரப்பட்டது. அது 40 விழுக்காடாக உயர்த்தப்படும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் இந்த ஒப்பீடு ஒரே நாற்காலியில் அமரும் இருவரை மட்டுமே அளக்கிறது. எந்தெந்த நாற்காலி பெண்களுக்கென்றே செய்யப்பட்டது, அதற்கு என்ன விலை வைக்கப்பட்டது என்ற கேள்வி அதற்குள் வருவதில்லை.

பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில் உள்ள சிற்றூர். 1974-இல் எழுப்பப்பட்ட கட்டபொம்மன் நினைவுக் கோட்டையால் வெளியூரார் இதனை அறிவர். பருத்தி, உளுந்து, கம்பு, மிளகாய் என மழையை நம்பிய மானாவாரி வேளாண்மையே இப்பகுதியின் வாழ்க்கை. காட்டு வேலையில் ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு கணக்கு இங்கு வெகுகாலம் வெளிப்படையாகவே இருந்தது. நூறு நாள் வேலைத் திட்டம் இருவருக்கும் ஒரே கூலி விகிதத்தை வைத்தது. அரசு நினைத்தால் இந்த வேற்றுமையை ஒரே ஆணையில் நீக்க முடியும் என்பதற்கு அது சான்று. அதே அரசின் ஊதியப் பட்டியலில் வேற்றுமை இன்னும் நிற்கிறது, வேறு பெயரில்.

இப்பகுதிக்கு இதில் தனி இடம் உண்டு. காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் தொடங்கிவைத்தது பக்கத்துக் கரிசல் ஊரான எட்டயபுரத்தில்தான். 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள், குறிப்பாகக் கைம்பெண்களும் ஆதரவற்றோரும், பணியில் அமர்த்தப்பட்டனர். வேலை கிடைத்தது பெரிய நன்மை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த நன்மையே ஊதியத்தைத் தாழ்த்தும் நியாயமாகவும் ஆயிற்று. ஆதரவற்றவருக்குத் தரும் உதவியாக அது பார்க்கப்பட்டதே தவிர, செய்த வேலைக்கான விலையாகப் பார்க்கப்படவில்லை.

2017-ஆம் ஆண்டு ஊதியத் திருத்தம் இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. எட்டாம் வகுப்புத் தகுதி கொண்ட அலுவலக உதவியாளர் அப்போது காலமுறை ஊதியத்தின் முதல் நிலையில் 15,700 - 50,000 ரூபாயில் வைக்கப்பட்டார். சத்துணவுப் பணியாளர்கள் இந்த அட்டவணையில் இல்லை. அவர்களுக்குச் ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’ என்று தனிப் பட்டியல். அமைப்பாளருக்கு 7,700 - 24,200. சமையலருக்கு 4,100 - 12,500. சமையல் உதவியாளருக்கு 3,000 - 9,000. பெயரில் மட்டும்தான் சிறப்பு. அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் விழுக்காடாகக் கணக்கிடப்படுவதால் இடைவெளி ஆண்டுதோறும் தானே வளர்கிறது. படி 50 விழுக்காடாக இருக்கும்போது 15,700 என்பது 23,550 ஆகிறது. 3,000 என்பது 4,500 ஆகிறது. 12,700 ரூபாயாக இருந்த வேறுபாடு 19,050 ஆகிவிடுகிறது. 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க வெளியான ஆணை, முதல் ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம் என்றே வரையறுத்தது.

சத்துணவு வேலை பகுதிநேர வேலை என்பது அரசுத் தரப்பின் பதில். சமையலரைப் பொறுத்தவரை அதில் ஓரளவு பொருள் உண்டு; பிற்பகலில் அடுப்படி ஓய்ந்துவிடும். ஆனால் நேரம் பாதி என்றால் ஊதியமும் பாதியாக இருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்காக அது ஏன் குறைந்தது என்பதற்கு அந்தப் பதிலில் விளக்கம் இல்லை.

அங்கன்வாடிக்கு அந்தச் சமாதானமும் பொருந்தாது. குழந்தைகளை எடை பார்ப்பது, முன்பருவக் கல்வி, சத்துமாவு வழங்கல், கருவுற்ற தாய்மாரின் பதிவு, கைப்பேசிச் செயலியில் அன்றாடத் தரவேற்றம் எனப் பட்டியல் நீள்கிறது. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலையும் சேரும். 2025 அறிவிப்பில் அங்கன்வாடிப் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கப்பட்டது. தொடக்க ஊதியம் 7,700. இதே சிறப்புப் பட்டியலில் கிராம உதவியாளரும் இருக்கிறார். ஊரார் தலையாரி என்று அழைக்கும் இப்பணி வழிவழியாக ஆண்கள் பார்த்தது. இன்று பெண்களும் சேர்கின்றனர். 2022 அறிவிப்பில் அதற்கு ஐந்தாம் வகுப்பு போதும். ஊதியம் 11,100 - 35,100. தலையாரிக்கு அதிகம் தரப்படுகிறது என்று யாரும் சொல்ல முடியாது, அவரும் குறைந்த ஊதியக்காரரே. ஆயினும் ஏழு வகுப்பு கூடுதலாகப் படித்தவர் 3,400 ரூபாய் குறைவாகத் தொடங்குவதற்கு, அது குழந்தை பார்க்கும் வேலை என்பதைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

சட்டம் ஏன் இதனைப் பிடிப்பதில்லை? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டின் 100-ஆவது உடன்படிக்கை ‘சம மதிப்புள்ள வேலை’ என்று பேசுகிறது. இந்தியா அதனை 1958-இல் ஏற்றது. ஆனால் 1976 சட்டம் ‘அதே வேலை அல்லது அதையொத்த வேலை’ என்று நிறுத்திக்கொண்டது. சமைப்பதும் கோப்பு சுமப்பதும் ஒத்த வேலை அல்ல. ஆகவே ஒப்பீடே எழுவதில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் மாநகராட்சியின் சமையல், துப்புரவு, பராமரிப்புப் பணிப் பெண்கள், குப்பை அள்ளும் ஆண்களுக்கு மட்டும் கிடைத்த மிகையூதியத்தைக் காட்டி வழக்காடினர். அங்கே ‘சம மதிப்பு’ சட்டத்தில் இருந்தது. 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் அமீர்பி வழக்கு, அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுக் குடிமைப் பதவி அல்ல என்றது. 2022 ஏப்ரலில் மணிபென் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே 2022-இல் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஊர்ப்புறங்களில் அதன் சமையல் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் சிறப்புக் காலமுறை ஊதியப் பட்டியலிலும் இல்லை.