இரண்டு ஆறும் ஒரே ஆறு அல்ல

திருவண்ணாமலை ரமணாசிரம வாசலில் நின்று மலையைப் பாருங்கள். அதன் உயரம் 2,668 அடி என்பார்கள். இந்த எண்ணில் ஆறு இரண்டு முறை வருகிறது. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவது அறுநூறு, அடுத்தது அறுபது. ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி நின்றதற்கே பத்து மடங்கு மதிப்பு! பள்ளிக்கூடத்தில் ஒன்று, பத்து, நூறு என்று கட்டம் போட்டதோடு நாம் மறந்துவிட்ட, இடமதிப்பு என்ற அதிசயம் இது.

இதை ரசிக்க நல்ல வழி, இடமதிப்பு இல்லாமல் எழுதிப் பார்ப்பது. பழைய தமிழ் முறையில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. மலையின் உயரத்தை ௨௲௬௱௬௰௮ என்று எழுதுவார்கள். மெல்லப் படியுங்கள்: இரண்டு ஆயிரம், ஆறு நூறு, ஆறு பத்து, எட்டு. வாய் சொல்வதைக் கை அப்படியே எழுதுகிறது. எவ்வளவு நேர்மையான முறை! அண்ணாமலையார் கோயிலுக்குப் போனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘யாண்டு’ என்ற சொல்லைத் தேடுங்கள். அரசனின் ஆட்சியாண்டு அதையடுத்து இப்படிப்பட்ட எண்ணாகவோ எழுத்தாகவோ வரும்.

அங்கேயே ராஜகோபுரத்தையும் கணக்கில் சேர்க்கலாம். உயரம் 217 அடி; பழைய முறையில் ௨௱௰௭. இதைப் பத்தால் பெருக்குங்கள். ௨௲௱௭௰ என்று ஆகும். நூறு ஆயிரமாகிறது, பத்து நூறாகிறது, ஏழுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்து வருகிறது. இன்றைய முறையிலோ 217 கலையாமல் அப்படியே இருக்க, பின்னால் ஒரு பூஜ்யம் வந்தால் போதும். பத்தே குறிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதிவிடலாம் என்பதும் இதனால்தான்.

பகவான் ரமணர் இயற்றிய அட்சரமணமாலையில் 108 கண்ணிகள். பழைய முறையில் ௱௮, இரண்டே குறிகள். பத்து இல்லாததால் பத்தைப் பற்றிய பேச்சே இல்லை. இடமதிப்பில் அப்படி விட்டுவிட முடியாது. நடு இடம் காலி என்பதையும் எழுதியாக வேண்டும், இல்லையென்றால் 108 என்பது 18 ஆகிவிடும். குவாலியர் சதுர்புஜர் கோயிலில் கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயில் பூந்தோட்டத்தின் நீளம் 270 முழம், நாள்தோறும் 50 மாலைகள் என்று அதில் பூஜ்யத்தோடு பொறித்திருக்கிறார்கள். கம்போடியாவில் இதற்கும் முந்திய, கி.பி. 683-ஆம் ஆண்டின் பூஜ்யம் கிடைத்திருக்கிறது. தமிழ் எண்களோடு பூஜ்யம் சேர்ந்து புழங்கத் தொடங்கியது மிகவும் பின்னால்தான். 1825-இல் அச்சான ‘கணித தீபிகை’ என்ற நூல் அதற்குச் சான்று.

இடமதிப்பு முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு பூஜ்யத்தைச் செருகினால் தொகையே மாறிவிடும். இந்த எண்கள் ஐரோப்பாவில் பரவியபோது, 1299-இல் பிளாரன்ஸ் நகர நாணயமாற்றுக்காரர் சங்கம் கணக்கேடுகளில் அவற்றைத் தடைசெய்தது. நாம் தடைசெய்யவில்லை, காவல் வைத்திருக்கிறோம்: காசோலையிலும் நன்கொடை ரசீதிலும் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம். எழுத்தால் எழுதும் அந்த வரியும், பழைய தமிழ் முறையைப் போலவே, வாய் சொல்வதை அப்படியே எழுதுவதுதான். கோயிலுக்கு 1,008 ரூபாய் கொடுத்து ரசீது வாங்கினால் இரண்டு வரிகளையும் ஒப்பிட்டுப் படியுங்கள். எண்ணில் இரண்டு பூஜ்யங்கள் இருக்கும். ‘ஆயிரத்து எட்டு’ என்பதில் ஒன்றுகூட இருக்காது.