விலையற்ற சாவாமை: ‘பிரேக்கிங் டான்’ புதினத்தின் அமைப்புக் குறைபாடு

இளையோருக்கான இருண்மை மிகுபுனைவில் இயற்கையிறந்த ஆற்றலுக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை வாசகர் நம்பும்போதுதான் அச்சம் கலையனுபவமாகிறது. ஸ்டெபனி மேயரின் ‘ட்விலைட்’ (2005) வரிசையில் நான்காவதான ‘பிரேக்கிங் டான்’ (2008), முந்தைய நூல்கள் விதித்த விலையைத் தானே தள்ளுபடி செய்துவிடுகிறது.

மூன்றாம் புதினமான ‘எக்லிப்ஸ்’ (2007) அவ்விலையை ஐயத்திற்கிடமின்றி வகுக்கிறது. புதிதாக உருமாறிய இரத்தக்காட்டேரியால் குருதிவேட்கையை அடக்க இயலாது; மனித உறவுகளைத் துறக்க வேண்டும்; பெண்ணுக்கு மகப்பேறு இல்லை. இழந்த வாழ்வை எண்ணி ரோசலி பெல்லாவை எச்சரிக்கும் பகுதி இதற்குச் சான்று. நான்காம் புதினத்திலோ, பெல்லா முதல் வேட்டையிலேயே மனித வாடையிலிருந்து விலகி ஓடுகிறாள். தந்தை சார்லியின் உறவு நீடிக்கிறது. உருமாற்றத்திற்கு முன்பே மகள் ரெனெஸ்மி பிறந்துவிடுகிறாள். காதலில் தோற்ற ஜேக்கப்பின் துயரமும் அப்பச்சிளங்குழந்தையுடன் ஏற்படும் மாயப் பிணைப்பால் துடைக்கப்படுகிறது. பெல்லாவின் தேர்வுரிமையை முதன்மைப்படுத்திய கதை, பேச்சறியாக் குழந்தையின் எதிர்காலம் முன்கூட்டியே முடிவாவதை எளிதில் ஏற்றுக்கொள்கிறது.

ஜேக்கப்பின் கூற்றாக அமைந்த நடுப்பகுதி இதற்கு விதிவிலக்கு. கரு தாயின் விலா எலும்புகளை முறிப்பதும், உயிர் தரிக்க அவள் குருதி அருந்துவதும் மெய்யான இருண்மையைத் தருகின்றன. மேயருக்கு ஆற்றல் இல்லை என்பதன்று குறை. அவ்வாற்றல் இறுதிவரை தொடரவில்லை என்பதே குறை.

வோல்டுரிக் குழுவுடனான இறுதி எதிர்கொள்ளல் இதனை உறுதிசெய்கிறது. பெல்லாவின் மனக்கவசமும் நாகுவெல் என்பவனின் சாட்சியமும் போரைத் தவிர்க்கின்றன. போரின்றி முடிவது தன்னளவில் குறையன்று; ஐரினாவைத் தவிர அக்களத்தில் எவரும் மடியாததும், கல்லன் குடும்பம் எதையும் இழக்காததுமே அம்முடிவை வலுவிழக்கச் செய்கின்றன. 2012இல் வெளியான திரைப்படம், ஆலிஸின் முன்னுணர்வுக் காட்சியாக ஒரு பெரும்போரைச் சேர்த்தது. மூலத்தின் வெற்றிடத்தை அச்சேர்க்கையே காட்டிக்கொடுக்கிறது.

ஒன்றைத் தேர்வது மற்றொன்றை இழப்பதாகும் என்னும் உணர்வு முதிரும் பருவம் இளமை. அவ்வுணர்வைக் கற்பனையில் எதிர்கொள்ளச் செய்வதே இவ்வகைப் புனைவின் பயன். ‘பிரேக்கிங் டான்’ தன் வாசகருக்கு நிறைவை வழங்குகிறது. மூன்று நூல்களாக அவர்களை ஆயத்தப்படுத்திய இழப்பை மட்டும் வழங்க மறுக்கிறது.