ஒரு வரியில் தெரிந்துவிடும்

இப்போது மேடையேறும் இளம் கர்நாடக சங்கீதப் பாடகர்களுக்குத் தேர்ச்சி போதாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுருதி சுத்தம் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. குரல் கீழே மந்திர பஞ்சமத்துக்கும் மேலே தார பஞ்சமத்துக்கும் பிசிறில்லாமல் போய் வருகிறது. இருபது, இருபத்திரண்டு வயதில் கண்ட நடை, சங்கீர்ண நடை என்று கணக்குப் போட்டுக் கோர்வை வைக்கிறார்கள். பாடாந்தரத்துக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் மார்கழியில் பகல் கச்சேரி முடிந்து எழுந்திருக்கும்போது, "எல்லாம் இருந்தது, ஆனா..." என்று பக்கத்து நாற்காலி மாமா இழுக்கிறார். அந்த 'ஆனா' எங்கே இருக்கிறது என்று சில வருஷங்களாகவே கவனித்துக்கொண்டு வருகிறேன். பெரும்பாலும் நிரவலில்தான் இருக்கிறது.

நிரவல் என்பது பார்ப்பதற்கு எளிமையான காரியம். கீர்த்தனையின் அனுபல்லவியிலோ சரணத்திலோ ஒரு வரியை எடுத்துக்கொள்கிறீர்கள். வார்த்தைகள் தாளத்தில் அதனதன் இடத்தில் ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும். அவற்றுக்கிடையே ராகம் புதிது புதிதாக நிரம்ப வேண்டும். கீழ்க்காலத்தில் தொடங்கி, வயலினும் நீங்களும் மாறி மாறிப் பாடி வாசித்து, மேல்காலத்துக்குப் போகிறீர்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ராக ஞானம், லயம், மொழி, மூச்சு, பக்கவாத்தியக்காரரைக் கேட்கிற காது, அத்தனையும் ஒரே சமயத்தில் வேலை செய்தாக வேண்டும். ஆலாபனையில் தாளம் இல்லை. ஸ்வரத்தில் சாகித்யம் இல்லை. கீர்த்தனையிலோ எல்லாம் ஏற்கெனவே தைத்து வைத்த சட்டை. எதையும் விட்டுவிட முடியாத இடம் நிரவல் ஒன்றுதான். ஒரு பாடகர் முழுமையாகத் தயாராகியிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. பத்து நிமிஷ நிரவல் சொல்லிவிடும்.

அதனால்தானோ என்னவோ, கச்சேரியில் முதலில் கழற்றி விடப்படுவதும் அதுவே. சரணம் முடிந்தது, வரியை இரண்டு தரம் பாடினார், நேரே ஸ்வரத்துக்குப் போய்விட்டார். கேட்டால், "டைம் இல்லை சார்" என்பார்கள். ஒன்றரை மணி நேரத்தில் வர்ணம், பிரதான உருப்படி, தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா எல்லாம் அடங்க வேண்டும் என்பது நிஜம்தான். ஆனால் அதே கச்சேரியில் நாலு சுற்று குறைப்புக்கும், ஒரு மைல் நீளக் கோர்வைக்கும் நேரம் இருந்ததே? கோர்வையை வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மிருதங்கக்காரரிடம் முன்கூட்டியே சொல்லலாம், கைதட்டலும் நிச்சயம். நிரவலுக்கு அப்படி ஏற்பாடு செய்ய முடியாது. மனப்பாடம் செய்த நிரவல் மூன்றாவது ஆவர்த்தனத்தில் வெளுத்துவிடும்.

இளைஞர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவர்கள் வளர்ந்து வந்த பாதை அப்படி. பத்துப் பன்னிரண்டு வயதில் போட்டிகள். கொடுக்கிற சில நிமிஷங்களில் கொஞ்சம் ராகம், ஒரு பல்லவி அனுபல்லவி, கொஞ்சம் ஸ்வரம். அதற்குள் நிரவலுக்கு இடம் ஏது? போட்டி கேட்காததை வாத்தியார் சொல்லிக் கொடுப்பதில்லை, பெற்றோர் கேட்பதுமில்லை. இணைய வகுப்பில் இன்னொரு சங்கடம். குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாடவே முடியாது. ஒலி தாமதித்து வரும். ஆளுக்கொரு ஆவர்த்தனமாக வரியை மாற்றி மாற்றிப் பாடிப் பிடிக்கிற வித்தை இது. தாளமே தள்ளாடினால் எப்படிப் பிடிப்பது?

கே.வி. நாராயணசாமியை நினைத்துப் பாருங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடம் வந்து சேர்வதற்கு முன்பே அவர் பாலக்காடு மணி ஐயரிடமும் பாப்பா வெங்கட்ராமையரிடமும் கற்றுக்கொண்டவர். ஒருவர் மிருதங்கம், மற்றவர் வயலின். வாய்ப்பாட்டுக்காரர் ஒருவருக்கு இதைவிட நல்ல படிப்பு இருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். அவருடைய நிரவலில் வார்த்தை எங்கும் அடிபடுவதில்லை. தாளத்தோடு சண்டையும் இல்லை. வயலின்காரர் ஒரு பிடி வாசித்தால் அடுத்த ஆவர்த்தனத்தில் அதன் நிழல் தெரியும். மேடையில் தனக்கு இருபுறமும் நடப்பது உள்ளிருந்தே தெரிந்தவர் பாடுகிற பாட்டு அது.

முசிறி சுப்பிரமணிய ஐயரின் வழி வேறு. பாவமும் நிரவலும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டவை. அவரிடம் பயின்ற சுகுணா புருஷோத்தமன், தின்னியம் வெங்கட்ராம ஐயரிடம் பல்லவி கற்றுக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு வெவ்வேறு தாளம் போட்டுப் பல்லவி பாடியவர். கணக்கில் அவரை மிஞ்ச இன்றைக்கும் ஆள் தேட வேண்டும். ஆனாலும் அவர் பாட்டில் கணக்கு முன்னே வந்து நின்று கைகட்டிப் பார்க்காது. அடியில் முசிறியின் நிரவல் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்பது என் எண்ணம். லயத்தையும் பாவத்தையும் இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்துப் பேசுகிறவர்கள் அவருடைய பதிவுகளைக் கேட்க வேண்டும்.

ஸ்வரமே மட்டம் என்று நான் சொல்லவில்லை. மதுரை மணி ஐயரின் சர்வலகு ஸ்வரத்தைக் கேட்டவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதில் ஒரு அரித்மெட்டிக் பரீட்சையும் கிடையாது. ஆற்று நீர் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். ஸ்வர எழுத்துகளே வார்த்தையாகிவிட்ட நிரவல் என்றுகூட அதைச் சொல்லலாம். என் சண்டை, நிரவலைத் தாண்டிக் குதிப்பதற்கு ஏணியாக்கப்படும் ஸ்வரத்தோடுதான்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பாடுகிற உருப்படிகளில் பெரும்பங்கு தெலுங்கும் சமஸ்கிருதமும். பாடகர் தமிழர். அர்த்தம் தெரியாமலே கீர்த்தனையைப் பாடிவிடலாம்; மெட்டு காப்பாற்றிவிடும். நிரவலில் காப்பாற்ற ஆளில்லை. எங்கே மூச்சு விடுகிறீர்களோ அங்கே வார்த்தை உடையும். உதாரணத்துக்கு நானே ஒரு சொல் எடுத்துக்கொள்கிறேன்: 'நானடிமை'. அதை 'நானடி' என்று நிறுத்தி, ஒரு பெரிய சங்கதி போட்டு, அப்புறம் 'மை' என்று இறங்கினால் என்ன ஆகும்? பக்தன் போய், கண்ணுக்கு மை கேட்கிற ஆள் வந்துவிடுவார். தமிழில் நடந்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. தெலுங்கில் இது தினமும் நடக்கிறது, சபையில் ஒருவரும் நெளிவதில்லை. ஒரு கீர்த்தனை பாடம் ஆகும்போதே சந்தி பிரித்து, பதத்துக்குப் பதம் அர்த்தம் எழுதிக்கொள்ள அரை மணி நேரம் போதும். குரல் பயிற்சிக்கு விடியற்காலையில் எழுந்திருக்கிறவர்களுக்கு இது பெரிய சிரமமில்லை.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில், கூட்டமே இல்லாத ஒரு மதியம், ஒரு பெண் முகாரியில் நிரவல் பாடினார். குரல் சுமார்தான், மேலே போனால் கொஞ்சம் கீச்சிடும். வரியின் முதல் சொல்லை மட்டும் ரிஷபத்தில் நிறுத்தி, மீதியை அவசரமில்லாமல் அடுக்கினார். வயலின் வாசித்த பையன் அந்த நிறுத்தத்தைப் பிடித்துக்கொண்டு கீழே தைவதம் வரை போய்விட்டு வந்தான். அந்தப் பெண் திரும்பி அவனைப் பார்த்தார். தான் யோசித்து வைத்திருந்ததை அப்போதே கைவிட்டிருக்க வேண்டும். அடுத்த ஆவர்த்தனம் அவன் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மிருதங்கக்காரர் சொற்களைக் குறைத்து, வெறும் தொப்பியில் கும்கி கொடுத்துக்கொண்டு கூடவே போனார். மேல்காலத்துக்கே அவர்கள் போகவில்லை. ஸ்வரமும் பாடவில்லை. "ஸ்வரம் போடலையே இந்தப் பொண்ணு?" என்றார் பின்வரிசையில் ஒருவர். கேன்டீன் பக்கம் எழுந்து போயிருந்த இரண்டு பேர் கையில் காபியோடு வாசல் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.