பாவக்காய்: பொரிப்பதா, பிழிவதா?

இறம்பொடைப் பக்கம் பாவக்காய்ச் சம்பல் என்றால் பொரித்துச் செய்வதுதான். வட்டமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிரட்டி, எண்ணெயில் மொறுமொறுவென்று எடுத்து, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், தக்காளி, மாசி சேர்த்து எலுமிச்சங்காய் பிழிவோம். குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பிய பக்கத்து லயத்து அக்கா, கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் கற்ற வேறொரு முறையைக் காட்டினார். பிலிப்பைன்ஸில் பாவக்காய்க்கு அம்பாலயா என்று பெயர். அதில் செய்யும் சலாது அவர்களுக்கு அன்றாடக் கறித்துணை. ஒரே கூடைக் காயில் இரண்டையும் செய்து, ஒரே சோற்றோடு வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன்.

அக்கா செய்த விதம் இது. கால் கிலோ காயை நெடுக்காகப் பிளந்து, விதையையும் வெள்ளைச் சதையையும் கரண்டியால் வழித்தார். பிறைப் பிறையாக, கண்ணாடி போல மெல்லிசாக அரிந்தார். ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறி இருபது நிமிடம் வைத்தார். சட்டியடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி, விறைத்திருந்த துண்டுகள் வளைந்து கொடுத்தன. கைப்பிடி கைப்பிடியாகப் பிழிந்து, ஒருமுறை அலசி, மறுபடி பிழிந்தார். மூன்று மேசைக்கரண்டி வினாகிரி, ஒரு தேக்கரண்டி சீனி, மிளகுத்தூள், மெல்லிய இஞ்சி, வெங்காயம், தக்காளி. அடுப்பு எரியவே இல்லை.

பாவக்காய்ப் பதார்த்தம் எதையும் முதலில் கசப்பை வைத்துத்தான் எடைபோட வேண்டும். உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது. அந்த நீரோடு கசப்பிலும் ஒரு பங்கு போய்விடுகிறது. மிஞ்சும் உப்பு நாக்கிலும் வேலை செய்கிறது. கசப்பை அமுக்கி மற்றச் சுவைகளை உப்பு மேலெழச் செய்கிறது என்று பிரெஸ்லினும் போஷாம்பும் 1997இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். ஆகவே சலாதில் கசப்பு குறைகிறது, மறைவதில்லை. முதல் கடியில் புளிப்பு, பிறகு இஞ்சியின் காரம், கடைசியில் கசப்பு நிதானமாக வந்து நிற்கும். எங்கள் சம்பலில் முந்தி வருவது பொரித்த மணமும் மாசியும். கசப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது ருசியான சம்பல், மறுக்கவில்லை. ஆனால் அதே பக்குவத்தில் வாழைக்காயைப் பொரித்துப் போட்டாலும் பாதி ருசி வந்துவிடும். சலாதில் பாவக்காய்க்குப் பதில் இன்னொரு காயை வைக்க முடியாது.

அடுத்தது செலவு. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் பட்ட பாட்டை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. சலாதுக்கு இரண்டும் வேண்டாம். வினாகிரியும் நமக்குப் புதிதில்லை. அந்தச் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது; பிலிப்பைன்ஸில் சலாதுக்கு வழங்கும் என்சலாடா என்ற பேர் ஸ்பானியர் விட்டுப்போனது. அங்கும் தென்னங்கள்ளில் வினாகிரி உண்டு, இங்கும் உண்டு. அதைத்தான் வாங்க வேண்டும். செயற்கை வினாகிரியின் வெட்டும் புளிப்பு இந்தச் சலாதைக் கெடுத்துவிடும்.

குறைகளும் உண்டு. சலாது ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விட்டுத் துவண்டுபோகிறது. ரொட்டியோடு மலைக்குக் கட்டிக்கொண்டு போக உதவாது. பொரித்த துண்டைத் தனியே பொதிந்து போகலாம். அளவுக்கு மீறிப் பிழிந்தால் கசப்போடு காயின் உயிரும் போய்ச் சக்கை மிஞ்சும். சமைக்காததால் விட்டமின் சி தப்புகிறது என்பார்கள். பிழிந்து கொட்டும் நீரில் அதுவும் கொஞ்சம் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீனி ஒரு கரண்டிக்கு மேல் போனால் அது அச்சாறு.

மருந்து என்ற பேச்சை இந்தத் தராசில் நான் ஏற்றவில்லை. பிலிப்பைன்ஸ் சுகாதாரத் திணைக்களம் பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் அம்பாலயாவும் ஒன்று. ஆனால் நீரிழிவுக்கு அது பலன் தரும் என்று சொல்லச் சான்று போதாது என்று 2012இன் கொக்ரேன் மீளாய்வு முடித்தது. சீனி வியாதிக்கு மாத்திரை எடுப்பவர் பாவக்காயைக் கறியாகச் சாப்பிடட்டும். அதை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

என் முடிவு இது. பாவக்காயைப் பாவக்காயாகவே உண்ண விரும்புகிறவருக்குப் பிலிப்பைன்ஸ் சலாதுதான் மேல். கசப்பும் ஆறு சுவையில் ஒன்று என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வருடப்பிறப்பில் வேப்பம்பூவுக்கு இலையில் இடம் வைத்தவர்கள். அன்றாடச் சமையலில் மட்டும் அந்தச் சுவையைப் புளியிலும் வெல்லத்திலும் எண்ணெயிலும் ஒளித்தே பழகிவிட்டோம். இரண்டு திருத்தத்தோடு அக்காவின் சலாதை ஏற்கிறேன்: சீனியைப் பாதியாக்கலாம்; இரண்டாம் பிழிதலை விட்டு, அலசித் தண்ணீரை வடித்தாலே போதும். ரொட்டி சுடும் காலைக்குப் பொரித்த சம்பல் இருக்கட்டும். சுடுசோறும் பருப்பும் இருக்கும் மழைநாள் இராச்சாப்பாட்டுக்கு இனி எங்கள் வீட்டில் உப்பில் பிசறிய பாவக்காய்தான்.